துப்பாக்கியை ஒப்படைத்த வாரம்

தேர்தல் தேதியை அறிவித்த மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. நான் என் கணவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"ஏனுங்க, ஐயா இருக்காருங்களா?"

"இருக்காருங்க. அவரால பேச முடியாதுங்க. நான் அவரு சம்சாரந்தான் பேசறேன், சொல்லுங்க."

"ஐயா பேர்ல ஒரு ரைபிள் இருக்குதில்லீங்களா? எலெக்‌ஷன் முடியற வரைக்கும் அதை ஸ்டேஷன்ல கொண்டாந்து ஒப்படைக்கோணுங்கம்மா. லைசென்ஸ் புத்தகம், தோட்டா எல்லாஞ் சேத்திக் கொண்டாந்துருங்க. இந்த வாரத்துக்குள்ள வந்தாப் போதும்."

"அவரே வரோணுங்களா?"

"லைசென்ஸ் அவரு பேர்லதானுங்களே. அவருதான் வரோணும்."

"நடக்க முடியாதுங்களே."

"கார்ல கூட்டிட்டு வாங்கம்மா. நாங்க வெளிய வந்து பாத்துக்கறோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். "துப்பாக்கிய ஸ்டேஷன்ல வெக்கோணுமாமுங்க. போலாமா?" என்றேன்.

"செரி" என்றார்.

அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

போன ஐப்பசியில், மழை தொடங்கும் முன் ஒரு மத்தியானம், தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தட்டின் முன்னாலேயே வலப்பக்கமாகச் சரிந்தார். வெள்ளகோவிலில் முதலுதவி செய்து, அங்கிருந்து கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. வலது கையும் காலும் போய்விட்டன. கூடவே பேச்சும் போனது. கண் விழித்து அவர் முதலில் சொன்னது "செரி". நர்ஸ் பெயர் கேட்டாள், "செரி" என்றார். மகள் அழுதுகொண்டே "அப்பா, என்னைத் தெரியுதுங்களா?" என்றாள், அதற்கும் "செரி". கொப்பரைக் களம் வைத்திருந்த காலத்தில் லாரிக்காரர்களுடனும் எண்ணெய் மில்காரர்களுடனும் போனில் பேசி முடிக்கும்போதெல்லாம் "செரி செரி" என்றுதான் வைப்பார். அத்தனை வருஷமாக வாயில் புரண்ட சொல் என்பதால் அது மட்டும் ஒட்டிக்கொண்டது போலும்.

டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். "நாம சொல்றது அவருக்குப் பெரும்பாலும் புரியும். ஆனா மனசுல ஒண்ணு இருக்கும், வாயில வேற ஒண்ணு வரும். இப்போதைக்குத் தலையாட்டறதுகூட மாறி மாறி வரும். போகப்போகத் தேறும்." நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதெல்லாம் இவரை எப்படிக் குளிக்கவைப்பது, எப்படிக் கட்டிலிலிருந்து எழுப்புவது என்பதுதான்.

வீட்டுக்கு வந்த புதிதில் உறவுக்காரர்கள் வராத நாளில்லை. எங்கள் தோட்டம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முருங்கைத் தோப்பின் நடுவில் இருக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டாலே நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். வருகிறவர்கள் ஆரஞ்சு, பிஸ்கட் என்று வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்காருவார்கள்.

"எப்படி இருக்கீங்க மாப்ள?"

"செரி."

"கை ஏதாச்சும் பரவாயில்லீங்களா?"

"செரி."

அதற்கப்புறம் அவர்கள் பார்வை டிவிக்குப் போகும். பிறகு என்னிடம் வரும். கொஞ்ச நேரத்தில் வண்டிச் சாவியைக் கையில் எடுத்து உருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. தை மாசம் கல்யாணங்களோடு அவர்கள் வருவது குறைந்தது. மாசியில் யாரும் வரவில்லை.

மகள் சிங்காநல்லூரில் இருக்கிறாள். அவளுக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தினமும் பொழுதோடு போன் பண்ணுவாள். "அம்மா, ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. அந்தக் காட்டுக்குள்ள தனியா எதுக்குங்கம்மா?" என்பாள். "பாக்கலாங் கண்ணு" என்பேன். அவள் அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வாள். அவர் "செரி" என்பார். அதோடு அவள் போனை வைத்துவிடுவாள்.

காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். பேசாவிட்டால் வீட்டில் வேறு சத்தம் கிடையாது. இட்லியா தோசையா என்று கேட்பேன். "செரி." நானே இட்லி என்று முடிவு செய்துகொள்வேன். ஃபேனைக் குறைக்கட்டுமா? "செரி." குறைப்பேன். முதலில் அவருடைய கட்டிலை முன்னறையில்தான் போட்டிருந்தோம். ஜன்னல் வழியாக வண்டித்தடம் தெரியும், முருங்கைக்காய் ஏற்றிப் போகும் ஆட்டோக்கள் தெரியும். ஆனால் குளியலறை தூரம். அப்போது சக்கர நாற்காலி வாங்கவில்லை. அவரைத் தாங்கி நடத்திக் கூட்டிப்போய் என் இடுப்பு ஒடிந்துபோனது. "பொறத்தால ரூமுக்கு மாத்திரலாங்களா? பாத்ரூம் பக்கமாச்சு" என்று கேட்டேன். "செரி" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. மறுநாள் ஆள் விட்டுக் கட்டிலை மாற்றினேன். அந்த அறை ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் சுவர்தான் தெரியும்.

இப்படி ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி என் மாமனார் காலத்தது. அவர் வால்பாறையில் மரக் கான்ட்ராக்ட் எடுத்திருந்தபோது, எஸ்டேட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு மேனேஜர் அதை அவருக்கு விற்றாராம். வேட்டைக்குத் தடை வராத காலம். மாமனார் அதை வைத்து என்னென்ன சுட்டாரோ தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோது கூடத்துச் சுவரில் ஒரு கடமான் கொம்பு மாட்டியிருந்தது. என் கணவர் தன் அப்பா இறந்த வருஷமே அதைக் கழற்றிவிட்டார். அவர் எதையும் சுட்டதில்லை. தோப்பில் மயில் கூட்டம் வந்து பூவையும் பிஞ்சையும் கொத்திப் போடும்போதுகூட டப்பாவைத் தட்டித்தான் விரட்டுவார். ஆனால் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார், புதுப்பித்துக்கொண்டே வந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவையும் மழை ஓய்ந்த பிறகு ஒரு தடவையும் பீரோவிலிருந்து எடுத்து, பழைய வேட்டியை விரித்து, கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். அந்த ஒரு வேலையில் மட்டும் என்னைச் சேர்த்ததில்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தால், "அக்கட்ட வெச்சுட்டுப் போ அம்மணி" என்பார்.

போன தேர்தலுக்கும் இப்படித்தான் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்தார். அவசரத்தில் துடைக்காமல் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது குழலின் மேல் யார் யாரோ பிடித்த விரல் தடங்கள் அப்படியே பழுப்பாகத் துருவேறியிருந்தன. கை வேர்வையில் உப்பு இருக்கிறது, அது இரும்பைத் தின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அதைத் தேய்த்து எடுக்க அவருக்குப் பல நாள் பிடித்தது. அந்த நாட்களில் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. அவர் அப்படி வருத்தப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் இந்த முறை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மழைக்கு முன்னால் எண்ணெய் போடவேண்டிய நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கப்புறம் யாரும் பீரோவைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை, சாப்பாடு முடிந்ததும், அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். மேஜை மேல் வேட்டியை விரித்தேன். தோட்டா டப்பாவைத் தனியாக எடுத்து அடுத்த அறையில் பூட்டினேன். பிறகு துப்பாக்கியை எடுத்தேன். அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜையில் கிடத்தினேன்.

அவர் முதலில் செய்வது என்ன என்பது எனக்கு நினைவிருந்தது. பின்பக்கம் இருக்கும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்ப்பார். பார்த்த பிறகும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். நானும் இழுத்தேன், பார்த்தேன், விரலை விட்டேன். காலியாக இருந்தது. அவரைப் பார்த்தேன். அவர் கண் என் கையிலேயே இருந்தது.

துப்பாக்கியின் மேல், குறி பார்க்கும் பட்டைக்குக் கீழே, கட்டைவிரல் அளவுக்குத் துரு பூத்திருந்தது. மற்ற இடங்களில் லேசான சொரசொரப்பு. அவருடைய மரப்பெட்டியைத் திறந்தேன். நீளக் கம்பி, பித்தளை பிரஷ், வெட்டி வைத்த வெள்ளைத் துணித் துண்டுகள், ஒரு சிறு புட்டி மண்ணெண்ணெய், மரத்துக்குப் பூசும் ஆளி விதை எண்ணெய், கிரீஸ் டப்பா எல்லாம் இருந்தன. இரும்புக்குப் போடும் எண்ணெய் டின் மட்டும் காலி. சமையலறைக்குப் போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"செரி! செரி!" என்றார்.

"ஆமாங்க, கொண்டாந்துட்டேன்" என்று துணியை அதில் நனைக்கப் போனேன். அவர் இடது கையை நீட்டிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். எண்ணெய் வேட்டியிலும் தரையிலும் கொட்டியது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "செரின்னு சொல்லிப்போட்டு எதுக்குத் தட்டி உடறீங்க? தொடைக்கறது நாந்தானே?" என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரையைத் துடைக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது. தேங்காயெண்ணெய் உறையும், நாளானால் பிசின் மாதிரி ஒட்டும், இரும்புக்கு ஆகாது என்று யாரோ ஒருவரிடம் போனில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். ஊரெல்லாம் தேங்காயெண்ணெய் மணக்கிற சீமையில் இருந்துகொண்டு எனக்கு வேறு எண்ணெய் தோன்றவில்லை. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் காட்டினேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கம்பியின் முனையில் பிரஷைத் திருகி, மண்ணெண்ணெயில் நனைத்து, குழலின் முன்வாய் வழியாக உள்ளே விட்டேன். எனக்குத் தெரிந்த ஓட்டை அதுதான்.

"செரி. செரி. செரி."

ஒவ்வொன்றும் முந்தியதைவிட உரக்க வந்தது. நான் கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவர் நாற்காலிக் கையில் இடது கையால் ஓங்கி அடித்தார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவருக்கு மறுபடி ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோய் எழுந்தேன். அவர் எட்டிக் குழலைப் பிடித்தார். பிடித்து, தன் பக்கமாக இழுத்து, துப்பாக்கியையே மேஜை மேல் சுற்றித் திருப்பினார். பின்பக்கம் என்னை நோக்கி வந்தது. அதன் மேல் விரலால் குத்திக் காட்டினார். "செரி" என்றார். இது வேறு செரி. மெதுவாக, மூச்சு விட்டுக்கொண்டு வந்த செரி.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"முன்னாலருந்து உடக்கூடாதுங்கறீங்களா?"

"செரி."

"பொறத்தாலருந்துதான் உடோணுமா?"

"செரி."

சொல் ஒன்றுதான். ஆனால் அந்தக் கையை நான் இப்போதுதான் பார்த்தேன். வேண்டாம் என்றபோது அது தள்ளியது, தட்டியது, அடித்தது. ஆமாம் என்றபோது விரல் தளர்ந்து கீழே இறங்கியது. ஆஸ்பத்திரியில் அவருடைய தலையாட்டல்கூடக் குழம்பித்தான் இருந்தது. அதற்கப்புறம் அவர் தேறியிருக்கிறார். நான்தான் கவனிக்கவே இல்லை. அவருடைய வாயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து கம்பியை விடவேண்டுமானால் போல்ட்டை முழுசாகக் கழற்றவேண்டும். நான் இழுத்துப் பார்த்தேன், ஓர் எல்லைக்கு மேல் வரவில்லை. இடப்பக்கம் இருந்த சின்னத் தாழைக் காட்டினார். அதை ஒரு கை விலக்கிப் பிடித்திருக்க, மறு கை போல்ட்டை இழுக்கவேண்டும். தாழ் விறைத்துப்போயிருந்தது. என் விரலுக்கு அடங்கவில்லை. அவர் குனிந்து, இடது கைக் கட்டைவிரலால் அதை அழுத்தி விலக்கினார். நான் இழுத்தேன். போல்ட் வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது.

அவர் நோயில் விழுந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

அதற்கப்புறம் நான் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். சமையலறைப் பச்சை ஸ்கிரப்பரைக் காட்டினேன், கை தள்ளியது. நயமான இரும்பு நார் பெட்டியின் அடியில் கிடந்தது. அதைக் காட்டினேன், கை இறங்கியது. வெறும் கையால் இரும்பைத் தொட்டபோதெல்லாம் என் மணிக்கட்டைத் தட்டினார். அவர் போட்டுக்கொள்ளும் பருத்திக் கையுறையைத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் அவருடைய சாக்ஸை எடுத்து இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவர் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே புதுசாகக் கேட்டது.

குழலுக்குள் பிரஷை விட்டு எடுத்த பிறகு துணித்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினோம். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு செங்கல் நிறத்தில் வந்தது. பிறகு அழுக்கு மஞ்சள். ஒவ்வொன்றையும் அவர் முன்னால் பிடிப்பேன், அவர் பார்த்துவிட்டுக் கையைத் தள்ளுவார், அடுத்ததை விடுவேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தபோது கை இறங்கியது. காய்ந்த துணியால் ஒருமுறை இழுத்து ஈரத்தை எடுத்துவிட்டு, மெஷின் எண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியை விட்டேன்.

வெளியே இருந்த துருதான் நேரம் பிடித்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, நாரால் ஒரே வாக்கில் லேசாகத் தேய்க்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் என் தோள் வலித்தது. அவர் நாரை வாங்கிக்கொண்டார். நான் குழலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன், அவர் இடது கையால் தேய்த்தார். பழக்கமில்லாத கை. தப்பும் தவறுமாகத்தான் போனது. நடுவில் நார் விழுந்துவிடும், எடுத்துக் கொடுப்பேன். வேர்வை ஒரு சொட்டு இரும்பில் விழுந்தாலும் நிறுத்திவிட்டுத் துடைக்கச் சொல்லிக் காட்டுவார். அந்தத் துரு போய், அடியில் ஊசி குத்தினாற்போல் சில புள்ளிகள் மட்டும் நின்றன. அவை போகா என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெயைத் தொட்டும் தொடாமல் பூசினேன். இரும்புக்கு மட்டும் நெடுநாளைக்குத் தாங்கும்படி மெல்லிசாக ஒரு பூச்சு கிரீஸ். உறைக்குள் போடப் போனேன், கை தள்ளியது. தோலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது அப்போது புரியவில்லை, பிறகு யோசித்தபோது புரிந்தது. எண்ணெய் நனைத்த துணியில் சுற்றினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவர் களைத்திருந்தார். ஆனாலும் என்னால் அத்தோடு விட முடியவில்லை. சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தெனமும் இட்லி புடிக்குதுங்களா?"

கை தள்ளியது.

"பொறத்தால ரூமு?"

தள்ளியது. வேகமாகத் தள்ளியது.

"அன்னைக்கே வேண்டாம்னுதான் சொன்னீங்களா?"

கை இறங்கியது. பிறகு, "மக ஊட்டுக்குப் போயிரலாமா?" என்றேன். தள்ளினார். அது எனக்கும் வேண்டாம்தான்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "நான் நாளெல்லாம் பேசிட்டே இருக்கறனே, அது உங்களுக்குத் தொந்தரவுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கை கொஞ்சம் எழுந்து, தள்ளுவதுபோலப் போய், நின்று, மடியில் விழுந்தது. அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் ஆளைக் கூப்பிட்டுக் கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். தள்ளிக்கொண்டு போக வசதியாக ஒரு கழிப்பறை நாற்காலியும் வாங்கினோம். அன்று மாலை அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இருட்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாள் அந்தத் தொட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் கிடந்ததை நினைத்துக்கொண்டேன். ஒரே வீட்டுக்குள் அவர் ஒரு பக்கம் தனியாக, நான் ஒரு பக்கம் தனியாக இருந்திருக்கிறோம்.

வாரக் கடைசியில் நானே கார் ஓட்ட, இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். போனில் பேசிய ஏட்டு சொன்னபடி வெளியே வந்தார். காருக்குள் குனிந்து, "ஐயா, நீங்களே ஒப்படைக்கறீங்களாங்க?" என்று சத்தமாகக் கேட்டார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

"செரி."

"கையப் பாருங்க" என்று நான் ஏட்டிடம் சொன்னேன். "கை இறங்குச்சுன்னா ஆமாங்கறாரு." ஏட்டு விழித்தார். பிறகு கையைப் பார்த்துக்கொண்டு மறுபடி கேட்டார். கை இறங்கியது. இடது பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்.

துப்பாக்கியை நானே உள்ளே எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சின்ன அறையில் சுவரோரமாக வேறு துப்பாக்கிகள் சாய்த்து வைத்திருந்தார்கள். சில சாக்கில் சுற்றியிருந்தன, சில அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் அட்டை கட்டியிருந்தது. "இத முன்வாய் கீழ இருக்கற மாதிரி, ஏதாச்சும் பலகை மேல வெய்யுங்க. தரை ஈரம் ஏறக்கூடாது. இரும்ப வெறுங்கைல தொட வேண்டாங்க" என்றேன்.

ஏட்டு சிரித்தார். "நீங்க சுடுவீங்களாம்மா?"

"இல்லீங்க. தொடைச்சு வெக்கத்தான் தெரியும்."

அவர் அட்டையைக் கட்டிக்கொண்டே கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. ஐயா இப்படி இருக்கறப்ப அடுத்த தடவ லைசென்ஸ் புதுப்பிக்கறது செரமங்க. டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. ஊட்ல கலந்து பேசிக்கோங்க."

வெளியே வந்து காரில் ஏறினேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை எடுத்துத் திருப்பும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணி, எல்லாம் அடங்கியதும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி மறுபடி போன் வந்தது. இந்த முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. அவரிடம் போய் ஏட்டு சொன்னதைச் சொன்னேன். லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம், நம் மகளுக்கோ மருமகனுக்கோ இதில் விருப்பமில்லை என்றேன். "எடுத்துட்டு வந்தரலாமா?"

கை தள்ளியது. யோசிக்காமல் தள்ளியது.

எனக்குத்தான் அதிர்ச்சி. அவர் வேண்டும் என்பார் என்று நான் நம்பியிருந்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி அதை மேஜையில் கிடத்தி, அவர் தாழைப் பிடிக்க நான் போல்ட்டை இழுப்பேன் என்று மனசுக்குள் நினைத்து வைத்திருந்தேன். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டேன். கை இறங்கியது. துப்பாக்கியை விட்டுவிட அவருக்கு மனசு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்த ஒரு காலைநேரத்தைத்தான் நான் விடமாட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்தே கோயமுத்தூரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தோம். அவர் எல்லாவற்றுக்கும் ரேகை வைத்தார்.

கொடுப்பதற்கு முன்னால் ஏட்டு என்னை அழைத்து சுற்றியிருந்த துணியைப் பிரித்துக் காட்டினார். குழல் எண்ணெய் மினுக்கோடு இருந்தது. புதிதாக ஒரு தடம்கூட இல்லை. "சொன்ன மாதிரியே பலகை மேலதாங்க வெச்சிருந்தோம்" என்றார். அதை என் கணவரிடம் வந்து சொன்னபோது மட்டும் அவர் கண் கலங்கியது.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள் கோயமுத்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். முதலில் சில தடவை போய்விட்டு, தூரம் என்று நான்தான் நிறுத்தியிருந்தேன். பயிற்சி கொடுப்பது ஒரு சின்னப் பெண். படங்களைக் காட்டி, தாளம் போட்டு, பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லவைக்கிறாள். இதுவரை புதிதாக எதுவும் வரவில்லை. பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டாள். அவர் பயிற்சி முடிந்து களைத்து உட்கார்ந்திருக்கும்போது, போன வாரம் அவள் என் பக்கம் திரும்பி, "நீங்க யாருகிட்டம்மா பேசுவீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு அந்தக் கேள்வி முதலில் புரியவில்லை. "இவருகிட்டத்தான்" என்றேன்.

"அது செரிங்கம்மா. வேற யாருகிட்ட?"

நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோலத் தேடினேன். அவள் அடுத்த வாரத்துக்கு நேரம் கொடுத்தாள்.

அன்று சிங்காநல்லூரில் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பல்லடம் தாண்டியதுமே அவர் தூங்கிவிட்டார். தலை கண்ணாடிப் பக்கம் சரிந்திருந்தது. வழக்கம்போல நான் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினேன். காங்கயம் வந்தது என்று சொன்னேன். கிணற்று மோட்டாரில் சத்தம் வருகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும் என்றேன். கீழ்க்காட்டில் முருங்கை இந்த வருஷம் சீக்கிரம் பூ எடுத்துவிட்டது, மழை வந்தால் கொட்டிவிடும் என்றேன். எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்துவிட்டு, எங்கே விட்டேன் என்று யோசித்து, அங்கிருந்து மறுபடி தொடர்ந்தேன்.